வேலையால் வந்த நோவு: படுக்கவும் வேண்டாம், பல்லைக் கடிக்கவும் வேண்டாம்

சொந்தக் காணியில் கமம் செய்த காலத்தில் ஒருவர் ஒரே வேலையை நாள் முழுவதும் செய்வது குறைவு. விடியக் கொஞ்சம் கொத்துவார். வெயில் ஏறியதும் மாட்டை மாற்றிக் கட்டுவார். பின்னேரம் தண்ணீர் மாறுவார். இடையில் வேலியடைப்பு, குழை வெட்டு, சந்தைக்குப் போய் வருதல் என்று அலுவல்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வேலையில் களைத்த கையும் நாரியும் அடுத்த வேலையில் ஆறிக்கொள்ளும்.

இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் கூலிக்குப் போகும்போது நிலைமை வேறு. வெங்காய நடுகை என்றால் காலையில் இருந்து குந்தியபடி நடுகை மட்டுமே. கட்டட வேலை என்றால் நாள் முழுவதும் மண்ணும் சீமெந்தும் சுமப்பது மட்டுமே. அதுவும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. மூன்று கிழமை வேலையின்றி இருந்த உடம்பு நான்காவது கிழமையில் பத்து நாள் தொடர்ந்து மண்வெட்டி பிடிக்கிறது. பல வருடங்களின் பின் விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பிப் பற்றை வெட்டும் குடும்பங்களிலும் இதையே காண்கிறோம். நாற்பது வயதில் விட்டுப்போன காணியை அறுபது வயதில் ஒரே மாதத்தில் துப்புரவாக்கப் பார்க்கிறார்கள்.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும், பழக்கமில்லாத பாரத்தைத் திடீரென ஏற்றுவதும்தான் வேலையால் வரும் நோவுகளில் பெரும்பாலானவற்றிற்குக் காரணம். காணியும் கிணறும் கைவிட்டுப் போன குடும்பத்திற்கு உழைப்பவரின் உடம்புதான் மிஞ்சிய முதல். ஆகவே இந்த நோவுகளைச் சில்லறை விடயமாக நாம் எடுக்க முடியாது.

விளையாட்டு வீரர்களுக்கும் இதே காயங்கள்தான் வருகின்றன. அவர்களுக்காக உலகெங்கும் செலவிட்டுக் கண்டுபிடித்த முறைகள் பலவற்றிற்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு வாசற்படியும் போதும்.

நாண் எப்படிக் கெடுகிறது

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றைத் தசைநாண் என்பார்கள். தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம், நாணுக்குக் குறைவு. அதனால் தசை உளைவு நாலைந்து நாளில் மாறும். நாணில் வந்த நோவு மாறக் கிழமைகள், சில வேளை மாதங்கள் எடுக்கும். கடும் வேலைக்குப் பின் நாணில் தேய்வும் திருத்தமும் சேர்ந்தே நடக்கின்றன. முதல் ஒன்றரை நாள் வரை தேய்வின் கையே ஓங்கியிருக்கும். அதன் பிறகுதான் திருத்தம் முந்தும். நாளாந்தம் அதே கடும் வேலையைச் செய்தால் திருத்தத்திற்கு நேரமே கிடைப்பதில்லை.

அப்படியானால் முழு ஓய்வு எடுப்பதா? அதுவும் சரியல்ல. பாரமே படாத நாண் பலம் குறைந்து போகும். ஒரு மாதம் கையைத் தொங்கப்போட்டு வைத்திருந்துவிட்டு மறுபடி மண்வெட்டி பிடித்தால் முதல் நாளே நோவு திரும்பும். நாம்பனை நுகத்துக்குப் பழக்கிய கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் நாளே ஏக்கர்க் கணக்கில் உழவிட மாட்டார். கட்டியே வைத்திருக்கவும் மாட்டார். வெறும் நுகம், பிறகு சிறு பாரம், பிறகு அரை நாள் உழவு என்று ஏற்றிக்கொண்டு போவார். இயன்மருத்துவத்தின் உட்கருத்தும் ஏறக்குறைய அதுவே.

இதற்கு ஒரு சுவையான கதை உண்டு. சுவீடன் நாட்டின் ஊமியோ நகரில் ஹோக்கன் அல்பிரெட்சன் என்ற எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். அவருக்குக் குதிக்காலுக்கு மேலுள்ள நாணில் தீராத நோவு. சத்திரசிகிச்சை செய்யும்படி தன் மேலதிகாரியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, அதை அறுக்கும் நோக்கத்தோடு படியில் நின்று குதிக்காலைக் கீழிறக்கும் பயிற்சியைப் பாரம் தூக்கிக்கொண்டு கடுமையாகச் செய்தார். நாண் அறவில்லை, நோவுதான் போனது. பின்னர் இதே நோவுள்ள 15 ஓட்டக்காரருக்கு 12 கிழமை அந்தப் பயிற்சியைக் கொடுத்து, 15 பேரும் ஓட்டத்திற்குத் திரும்பியதாக 1998 இல் வெளியிட்டார். பின்வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு சுகம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நாண் நோவுக்கு மெல்ல மெல்லப் பாரம் ஏற்றுவதே முதற் சிகிச்சை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அவரைப் போல அறுக்கும் எண்ணத்தோடு யாரும் தொடங்க வேண்டாம்.

எவ்வளவு நோகலாம்?

பயிற்சியின்போது நோவே வரக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் நோகலாம். பத்து விரல்களையும் விரியுங்கள். தாங்க முடியாத நோவு பத்து விரல் என்றால், மூன்று நான்கு விரல் அளவு நோவு பயிற்சியின்போது வரலாம். மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். காலையில் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அதைப் பாதியாக்குங்கள், விட்டுவிட வேண்டாம். இந்த அளவுகோல் கூலி வேலைக்கும் பொருந்தும்.

முழங்கையின் வெளிப்பக்கம்

மண்வெட்டி, அலவாங்கு, கத்தி பிடிப்போருக்கும், கிணற்றில் கயிறு இழுத்து அள்ளுவோருக்கும், உடுப்புத் தோய்த்துப் பிழியும் தாய்மாருக்கும் வரும் நோவு இது. இதை ரெனிஸ் முழங்கை என்று வைத்தியர்கள் சொல்வார்கள். வருவோரில் மிகச் சிலரே ரெனிஸ் மட்டையைத் தொட்டவர்கள். முழங்கையின் வெளிப்புற எலும்பை அமர்த்தினால் நோகும். உள்ளங்கை கீழே பார்க்கும்படி ஒரு கதிரையையோ செம்பையோ தூக்கினால் நோவு சுள்ளென்று ஏறும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் அந்த எலும்பில்தான் பிடித்திருக்கிறது. இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அது இழுபடும்.

எனவே முதலில் பிடியைப் பாருங்கள். மெல்லிய, வழுக்கும் பிடியைக் கை கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி பிடியில் சுற்றினால் பருமனும் கூடும், வழுக்கலும் குறையும். மண்வெட்டியின் தலை ஆடினால் ஆப்பு வைத்து இறுக்குங்கள், வாயைத் தீட்டுங்கள். மொட்டை மண்வெட்டியின் குறையை முழங்கைதான் ஈடுசெய்கிறது. பாத்திரம், வாளி எதையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள். சீலை, சாரம் போன்ற பெரிய உடுப்புகளைக் கையால் முறுக்காமல் ஒரு கொப்பில் போட்டுத் தண்ணீர் வடியவிடலாம்.

பிறகு பயிற்சி. கதிரையில் இருந்து முன்கையைத் தொடையின் மேல் வையுங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே நீட்டி நிற்கட்டும். கையில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். மற்றக் கையால் உதவி மணிக்கட்டை மேலே உயர்த்துங்கள். பின் உதவியை எடுத்துவிட்டு, மூன்று நான்கு எண்ணும் வரை ஆறுதலாகக் கீழே இறக்குங்கள். இறக்குவதுதான் மருந்து, அவசரப்பட வேண்டாம். 15 தரம் செய்து, ஒரு நிமிடம் ஆறி, இப்படி மூன்று முறை. நாளுக்கு ஒரு தடவை போதும். நோவு மூன்று விரலுக்குள் நின்றால் இரண்டு கிழமையின் பின் முக்கால் லீற்றர், பிறகு ஒரு லீற்றர். ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமை செல்லும். இரண்டாம் கிழமையில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிடுவோர்தான் அதிகம்.

ஊசி போட்டால் உடனே சுகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டீரொயிட் ஊசி முதல் ஆறு கிழமைக்கு நல்ல சுகம் தருவது உண்மை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 198 பேரிடம் செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியால் சுகப்பட்ட பெரும்பாலானோருக்கு நோவு திரும்பிவிட்டது. ஒரு வருடத்தில் அவர்களை விட, பயிற்சி செய்தவர்களும் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களும்கூட நன்றாக இருந்தார்கள். நோவு மறைந்த துணிவில் ஊசி போட்ட மறுகிழமையே முழுப் பாரத்தையும் தூக்குவது எமது இடங்களில் நடக்கக்கூடியதே.

நாரி

நாரிப் பிடிப்பு வந்தால் பாயில் படுத்துவிடுவது எமது பழக்கம். பழைய காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நகரசபை ஊழியர்களிடம் செய்து 1995 இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரீட்சித்தது. இரண்டு நாள் படுத்திருந்தவர்களை விட, முடிந்த அளவில் வழமையான அலுவல்களைத் தொடர்ந்தவர்கள் விரைவில் தேறினார்கள். ஆகவே முதல் ஒன்றிரண்டு நாள் பாரம் தூக்காதீர்கள், ஆனால் நடவுங்கள். பத்து நிமிடம் நடந்து, கொஞ்சம் ஆறி, மறுபடி நடவுங்கள்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சிறுநீர் போக முடியாமை அல்லது அறியாமல் போதல், மலத்தை அடக்க முடியாமை, தொடைகளுக்கிடையில் விறைப்பு, காலில் பலம் குறைந்து வருதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிந்தினால் கால்கள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். காய்ச்சல், நாட்பட்ட இருமல், உடல் மெலிவு ஆகியவற்றோடு நாரி நொந்தால் முள்ளந்தண்டில் கசரோகமாகவும் இருக்கலாம். மரத்தால் விழுந்த பின் வந்த நோவு, படுத்தாலும் குறையாத இரவு நோவு ஆகியவற்றையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

இனிப் பாரம். உரப்பையும் சீமெந்துப் பையும் 50 கிலோ. அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமொன்று 1991 இல் வகுத்த கணக்கில், எல்லா வசதியும் சரியாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க உயர்ந்த பாரம் 23 கிலோ. குனிந்தோ, உடம்பைத் திருப்பியோ, தூரத்தில் பிடித்தோ தூக்கினால் அதுவும் குறையும். அங்கத்தைய கணக்கு எங்கள் கூலிக்காரருக்குக் கேட்காது என்பது தெரியும். ஆனாலும் இரண்டு பேர் பிடித்து முதுகில் ஏற்றிவிடலாம், சொந்த அலுவல் என்றால் பையைப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டு போகலாம். தூக்கும்போது பாரம் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். 20 லீற்றர்க் கலன் ஒன்றை ஒரு கையில் தூக்குவதை விட, இரண்டு பத்து லீற்றர் இரு கையிலும் என்றால் நாரி சரியாது. சைக்கிள் இருந்தால் அதில் கட்டி உருட்டுங்கள், அதில் வெட்கமில்லை.

பலரும் அறியாத ஒரு விடயம்: இரவில் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும். எழும்பிய முதல் மணித்தியாலத்தில் குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம். எனவே பாயால் எழும்பியதும் கிணற்றில் குனிந்து அள்ளப் போகாதீர்கள். அடுப்பு மூட்டி, தேநீர் குடித்து, கொஞ்சம் நடமாடிய பின் அள்ளலாம். முடிந்தால் முதல் நாள் பின்னேரமே இரண்டு வாளி அள்ளி வையுங்கள்.

வயலில் குனிந்து நிற்போர் அரை மணித்தியாலத்திற்கு ஒரு தடவை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றி, ஐந்து தரம் பின்னால் வளையுங்கள். காலுக்குள் நோவு இறங்கினால் இதை நிறுத்திவிட வேண்டும். இரவில் படுக்கப் போகும்போது, மல்லாந்து முழங்கால்களை மடித்து, இடுப்பை மேலே தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்துத் தரம். நெருக்கமான இடத்தில் வாழும் பெண்கள் பகலில் பயிற்சி செய்யக் கூச்சப்படுவது இயல்பு. இதைப் போர்வைக்குள்ளேயே செய்யலாம்.

மண்வெட்டிப் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. நிவாரணமாக மண்வெட்டி கொடுப்போர் ஆணுக்கும் பெண்ணுக்கும், நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே நீளப் பிடியைக் கொடுக்கிறார்கள். கட்டைப் பிடி நாரியைக் கூட வளைக்கும். பிடியை மட்டும் அவரவர் உயரத்திற்கு ஊர்த் தச்சரிடம் செய்து போட்டுக்கொள்வது நல்லது. அமைப்புகள் தலையைக் கொடுத்து, பிடிக்குக் காசைக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

பிள்ளைகளின் கணுக்கால்

பின்னேரத்தில் கரப்பந்தாட்டம் இல்லாத குடியிருப்பு அரிது. பாய்ந்து இறங்கும்போது கால் உட்பக்கமாக மடிந்து வீங்கும். முறிவா, சுளுக்கா என்று அறிய 1992 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் வகுத்த ஒரு இலகுவான விதி உண்டு. அடிபட்ட உடனேயும், பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபக்கப் புடைப்பு எலும்புகளின் பின் விளிம்பை, நுனியில் இருந்து நாலு விரற்கடை உயரம் வரை அமர்த்தினால் நோகிறதா? பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே துருத்தும் எலும்பும், உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பும் நோகின்றனவா? நான்கு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது இவற்றில் ஒரு எலும்பு நொந்தால் எக்ஸ்றே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலும் சுளுக்குத்தான்.

முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், சூடும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, மட்டமான இறுக்கத்தில் துணி சுற்றுங்கள். ஐஸ் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. 1978 இல் ஐஸ் வைக்கச் சொல்லிப் பிரபலமாக்கிய அமெரிக்க வைத்தியரே, அது ஆறுதலைத் தாமதிக்கலாம் என்று 2014 இல் எழுதினார். நோவைக் குறைக்க ஈரத்துணி போதும். இரண்டாம் நாளில் இருந்து பாதத்தால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை விரும்பிச் செய்வார்கள். பாரம் தாங்கத் தொடங்கியதும் ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குங்கள். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல், பிறகு கண்ணை மூடி. இந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி மறுபடி மடிகிறது.

முழங்காலுக்கும் தோளுக்கும் சுருக்கமாகச் சொல்கிறோம். குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவோர் சிறு பலகைக்கட்டை ஒன்றில் இருந்து பிடுங்கினால் முழங்கால் மடிப்புக் குறையும். கையூன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி, பத்துத் தரம் போதும். மருந்துத் தாங்கியை ஒரு தோளில் மட்டும் மாட்டி அடிக்காதீர்கள். நொந்த தோளை அசையாமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், சலரோகம் உள்ளோருக்கு இது கூட வரும். முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு வாளிக் கயிறு போல மெல்ல ஆட்டுங்கள்.

கூலிக்குப் போகும் இடத்தில்

ஒரு நாள் கூலி போனால் அன்றைய அடுப்புப் பிரச்சினை. ஓய்வெடுங்கள் என்று இலகுவில் எழுதிவிட எமக்கு மனமில்லை. ஆனால் குழுவாகப் போவோர் வேலையை மாற்றிக்கொள்ளலாம். நால்வர் நடுகைக்குப் போனால் ஒருவர் கன்று சுமக்க, மூவர் நட, மணித்தியாலத்திற்கு ஒருமுறை மாறுங்கள். பலர் முறைவைத்து ஒருவருக்கு இலகுவான நாளை விட்டுக்கொடுக்கலாம். விவிலியத்தின் ஓய்வுநாள் கட்டளை எருதுக்கும் கழுதைக்கும் கூடச் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. கூலி கொடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

குளிசை

மருந்துக்கடையில் துண்டின்றி வாங்கும் நோக்குளிசைகளைப் பற்றி எமக்குப் பெரிய கவலை உண்டு. டைக்ளோபெனக், ஐபுபுறொபன் வகைகள் சிறுநீரகத்திற்கான இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இரைப்பையிலும் புண் உண்டாக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடியாத உடம்பில் சிறுநீரகத்திற்கு ஆபத்து இரட்டிப்பு. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் 1990களில் இருந்து விவசாயிகளிடையே அறியப்பட்ட சிறுநீரக நோயின் காரணம் இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. அப்படிப்பட்ட நிலையில் தெரிந்த ஒரு நஞ்சை நாமாகச் சேர்ப்பானேன்? நாளாந்தம் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பரசிற்றமோல் அதை விடப் பாதுகாப்பானது. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு வேளைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. மெலிந்தவர்கள், மது அருந்துவோர், ஈரல் நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டுக் குறைத்தே பாவிக்க வேண்டும்.

எங்கே போவது

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு முதலிய அரச பெரிய வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு உண்டு. கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவு வைத்தியரிடம் துண்டு வாங்கிப் போக வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் வரச் சொன்னால் பஸ் காசுக்கு வழியில்லை என்று பேசாமல் நின்றுவிடாதீர்கள். தூரத்தையும் கூலியையும் சொல்லி, வீட்டில் செய்யத்தக்க பயிற்சியைக் காட்டித் தரும்படி கேளுங்கள். அவர்முன் ஒருமுறை செய்து காட்டி, சரி என்று கேட்ட பிறகே வாருங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போவோர், கட்டுப் போட்ட பின் விரல் நுனிகளைப் பாருங்கள். நீலம் பாரித்தாலோ, விறைத்தாலோ, நோவு ஏறினாலோ அந்த நேரமே கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போர்க் காலத்தில் காயப்பட்டு உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் அதை வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போதும், ஆழமாகச் சூடேற்றும் மின் இயந்திரங்களை வைக்கும்போதும் உள்ளிருக்கும் உலோகம் நகரவோ சூடாகவோ கூடும். பழைய எக்ஸ்றே இருந்தால் மடிக்காமல் கொண்டு போங்கள். இல்லாவிட்டால், எந்த வருடம், உடம்பின் எந்தப் பக்கம் என்று ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.